கழற்றி எறிந்த வால்வு

"நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் வெச்ச சாமான்."

கார் சூடேறுகிறது என்று பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தியவர்களில் பலரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் தெர்மோஸ்டாட் வால்வு கழன்று மெக்கானிக்கின் கைக்கு வந்துவிடும். சூட்டு முள்ளும் இறங்கும். செலவு குறைவு, இரு தரப்புக்கும் திருப்தி. நானும் ஒருமுறை அப்படித் திருப்திப்பட்டவன்தான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

அந்த வால்வுக்குள் இருப்பது கொஞ்சம் மெழுகு. இன்ஜின் தண்ணீர் 82 டிகிரியை ஒட்டி வரும்போது (சில வண்டிகளில் இன்னும் சற்று மேலே) மெழுகு உருகிப் பருத்து, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. வெளியே 42 டிகிரி கொளுத்தினாலும் அந்த மெழுகுக்கு அது பச்சைத் தண்ணீர்தான். வேலூர் வெயிலுக்கும் ஊட்டிக் குளிருக்கும் நடுவே அது பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. இன்ஜின் கொதிக்கிற நேரத்தில் நல்ல வால்வு ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் கிடக்கும். திறந்து கிடக்கும் கதவைப் பெயர்த்து எறிவதால் என்ன பெரிய காற்று வந்துவிடப் போகிறது?

வால்வே மூடியபடி சிக்கிக்கொள்வதும் உண்டு, மறுக்கவில்லை. அப்போது மாற்ற வேண்டியதுதான். பல வண்டிகளுக்குச் சில நூறு ரூபாயில் புதிது கிடைக்கிறது. சந்தேகமிருந்தால் பழையதை நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். கொதி வந்தும் வாய் திறக்காவிட்டால் அது செத்த வால்வு. ஐந்து நிமிட வேலை. நான் பார்த்தவரை எந்தப் பட்டறையிலும் செய்யவில்லை.

கழற்றுவதால் கேடு இல்லையென்றால் விட்டுவிடலாம். கேடு உண்டு. பல இன்ஜின்களில் இந்த வால்வுக்கு அடியிலும் ஒரு தட்டு இருக்கும். மேல்வழி திறக்கும்போது அது பைபாஸ் பாதையை அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் அந்தப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும். சமதளத்தில் நிலைமை தலைகீழ். இன்ஜின் சூடேறவே நேரமாகும். இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கி, நாளடைவில் சேறாகும். கம்ப்யூட்டர் இல்லாத அம்பாசடர் காலத்தில் இந்தப் பழக்கம் எப்படியோ ஓடியிருக்கலாம்.

என் வண்டி ஊருக்குள் மூன்று மாதம் சமர்த்தாக ஓடியது. பிறகு கொல்லிமலை ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, பானட்டிலிருந்து ஆவி. மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரம் காத்திருக்கும் புத்தி மட்டும் இருந்தது. அழுத்தத்தில் நூறைத் தாண்டிக் காய்ந்திருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில்தான் அடிக்கும்.

கீழே வந்து ரேடியேட்டரைப் பிரித்தால், குழாய்களில் பாதி உப்பால் அடைத்திருந்தது. கூலன்ட் வீண் செலவு என்று வருஷக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றி வந்ததன் பலன். இதிலும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும்: வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிட நன்றாகவே சூட்டைச் சுமக்கும். ஆனால் போர்வெல் தண்ணீர் உப்பையும் சேர்த்துச் சுமக்கிறது. துருவையும் அது தடுக்காது.

நோய் எங்கே என்று வண்டியே சொல்லும். சிக்னலில் நிற்கும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் ஆறினால் ஃபேனையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறினாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹோஸ் பைப்பையும் மூடியின் ரப்பரையும் தடவிப் பாருங்கள். இவ்வளவையும் பார்க்க நேரமில்லாதவருக்குத்தான் வால்வு கண்ணில் படுகிறது.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது வால்வோடு அதே பட்டறைக்குப் போனேன். மறுபேச்சில்லாமல் மாட்டிவிட்டார். சாவியைக் கொடுக்கும்போது மட்டும் சொன்னார்: "சித்திரைல ஒருதடவ வாங்க சார், கழட்டிடலாம்."