மருத்துவர் அறைக்குள் எத்தனை பேர்?

டோக்கன் ஒருவர் பெயருக்குத்தான். உள்ளே போவது பெரும்பாலும் இரண்டு பேர், சில சமயம் மூன்று. அப்பாவின் ரிப்போர்ட் ஃபைல் மகன் கையில் இருக்கும். "என்ன செய்யுது?" என்று மருத்துவர் கேட்டால் பதிலும் மகனிடமிருந்தே வரும். கொஞ்ச நேரத்தில் மருத்துவரும் மகனைப் பார்த்தே பேசத் தொடங்கிவிடுவார். 67 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2 நிமிடம். அதில் யார் பேசுகிறார் என்பது சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

கூட வருபவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வலிப்பு வந்தவருக்குத் தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. எந்தக் கை முதலில் வெட்டியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. மறதி நோயிலும் தூக்கத்தில் மூச்சு நிற்பதிலும் இப்படித்தான்.

ஆனால் மகன் எதிரில் அப்பா சொல்லாதவை உண்டு. சிறுநீர் கசிவதை, மாத்திரை வாங்கக் காசில்லாமல் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டதை, குடியை அவர் விழுங்கிவிடுவார். கணவன் பக்கத்தில் நிற்கும்போது, உடம்பில் இருக்கும் காயம் எப்படி வந்தது என்று மனைவி எப்படிச் சொல்வாள்? அதனால்தான் "கொஞ்சம் வெளியே இருங்க" என்கிறார் மருத்துவர். குடும்பத்தார் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்படிக் கேட்காத மருத்துவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இன்னொரு கூட்டம் செல்போன் வழியாக உள்ளே வருகிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்ற வாட்ஸப் செய்தி ஊரெல்லாம் சுற்றுகிறது. உண்மை வேறு. அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். அதனால் அளவைக் குறைப்பார்கள், மிகவும் பலவீனமானால் நிறுத்துவார்கள். சிறுநீரகத்தை உண்மையில் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரை. செய்தியைப் படித்தவர் "டாக்டர், இது சரியா?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். திட்டுவார் என்ற பயத்தில் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்த மருத்துவர், பழைய மாத்திரை போதவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்த்து எழுதுகிறார். ஆபத்து இங்கேதான். "கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா?" என்ற ஏளனம் நோயாளியின் வாயை இன்னும் இறுக்கமாக மூடிவிடுகிறது.

மாறாக நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் டேவ் டிபிராங்கார்ட்டுக்கு 2007இல் சிறுநீரகப் புற்றுநோய் முற்றிய நிலையில் தெரியவந்தது. அதே நோய் கண்டவர்களின் இணையக் குழு ஒன்றில், சிலருக்கு மட்டுமே பலன் தரும் இன்டர்லூகின் 2 சிகிச்சையைப் பற்றி அறிந்தார். அதன் கடுமையான பக்கவிளைவுகளை எப்படித் தாங்குவது என்பதையும் அனுபவப்பட்டவர்களிடமே கேட்டுக்கொண்டார். மருத்துவமனையில் அந்தச் சிகிச்சையைப் பெற்றுப் பிழைத்தார். அந்தக் குழுவில் சேரும்படி அவருக்குச் சொன்னவர் அவருடைய மருத்துவர் டேனி சாண்ட்ஸ்.