சத்தத்தை எந்தப் படியால் அளப்பது?

குக்கர் சீறினால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை விழித்துக்கொள்கிறதே, அந்தச் சிறு துவாரத்து ஆவிக்கே இத்தனை மிடுக்கு! கான்கார்டு விமானத்துக்கோ நாலு எஞ்சின்கள். நியூயார்க் கென்னடி நிலையத்தில் அது இறங்கவே கூடாது என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் 1977-ல் கார்களில் ஊர்வலம் நடத்தின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஜயித்தது விமானம்தான், 2003-ல் ஓய்வு பெறும்வரை பறந்தது.

இந்தச் சத்தம் யந்திரத்தின் உறுமல் மட்டும் அல்ல. குழல் வாயிலிருந்து பாயும் காற்றுத் தாரை, சும்மா இருக்கும் வெளிக் காற்றோடு மோதிக் கலக்கிறதே, பெரும் பங்கு அங்கேதான் பிறக்கிறது. ஒலியைவிட மெதுவான தாரையின் வேகம் இரட்டித்தால் சப்தத்தின் சக்தி 256 மடங்கு ஏறும் என்று 1952-ல் கணக்கிட்டுச் சொன்னவர் லைட்ஹில் என்ற ஆங்கிலேயர்.

ஒலியை மிஞ்சும் தாரைக்கு இன்னொரு துர்க்குணம் உண்டு. அதில் எழும் ஓசை பின்னோக்கி ஓடிவந்து குழல் வாயைத் தட்டும், தாரை நடுங்கும், நடுக்கம் மறுபடி ஓசையாகும். அம்மாடி, என்ன கீச்சொலி! அலன் பவல் இதை 1953-ல் விளக்கினார். இந்த அதிர்வில் உலோகத் தகடே விரிசல் விடுவதுண்டு.

தாரையை ஓர் அகன்ற குழாய்க்குள் விட்டால் என்ன? வாயோரத்து இடைவெளி வழியே வெளிக் காற்றையும் இழுத்துக்கொள்ளும், வேகம் தணியும், சத்தமும் குறையலாம். ஆனால் குழாய்க்கும் நாகஸ்வரம் போலச் சொந்தச் சுருதி உண்டு. இரண்டு சுருதியும் ஒத்துப்போனால் வந்தது வினை!

ஆகவேதான் அளந்து பார்க்கிறார்கள். எதிரொலியே எழாதபடி சுவரெல்லாம் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையில், குழாயைச் சுற்றி வில்போல மைக்குகள். நேர் பின்னால் இருப்பதைவிடச் சற்றுச் சாய்வில் இருக்கும் மைக்குக்குத்தான் அடி அதிகம். குழாயின் உள்ளே மைக்கை நீட்டினால் காற்று மோதும் இரைச்சலே கேட்கும்; சுவரோடு சுவராகப் பதிக்க வேண்டும்.

கூட்டல்தான் வேடிக்கை. ஓர் எஞ்சின் 110 டெசிபல் என்றால் நாலும் சேர்ந்து 440 அல்ல, 116தான். கென்னடி நிலையத்து அண்டை வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் சமாதானம் ஆகியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.