பந்தல் பிரித்த பின்னும் தொடர வேண்டிய தொண்டு

தைப்பூசப் பெருவிழாவின்போது பத்துமலைத் திருத்தலம் நோக்கி நடந்துவரும் அடியார்களுக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் காத்திருக்கின்றன. பசித்து வந்த எவருக்கும் அங்கே அன்னம் மறுக்கப்படுவதில்லை. மலேசிய இந்துக்களின் கொடையுள்ளத்துக்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. ஆயினும் பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாளும் ஏழையின் பசி இருக்கத்தான் செய்கிறது. அந்த மறுநாளைக் கவனிப்பவர் யார் என்பதே சமுதாயம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா.

அவ்வினாவுக்கு விடையாக எழுந்த அமைப்புகளுள் ஒன்று, கோலாலம்பூர் பூச்சோங் சாலையில் அமைந்த சுத்த சமாஜம். ஜப்பானியர் ஆட்சிக் காலம் மலாயாவில் பல குடும்பங்களைச் சிதைத்தது. சயாம் இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களுள் பல்லாயிரவர் வீடு திரும்பவில்லை. அந்தப் புண் ஆறாதிருந்த 1949-ஆம் ஆண்டில் சுவாமி சத்யானந்தா இச்சமாஜத்தைத் தோற்றுவித்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம், அவர்களுக்குக் கல்வி, நூல்களையும் ‘தர்மா’ இதழையும் வெளியிடும் பணி, எல்லாச் சமயத்தாரும் வந்து வணங்கத்தக்க ஆலயம் என அது படிப்படியாக வளர்ந்தது.

1961-இல் சுவாமிகள் மறைந்தார். நிறுவியவரோடு ஒடுங்கிப்போன சங்கங்கள் பல உண்டு. சுத்த சமாஜம் ஒடுங்கவில்லை. சிங்கப்பூரில் பிறந்து, இளம் வயதிலேயே இத்தொண்டில் தம்மை ஒப்படைத்துக்கொண்ட அன்னை மங்களம் அதனைத் தாங்கி நின்றார். 2010-இல் மெர்டேக்கா விருது அவரை நாடி வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணிக்குப் பின், 2023-இல் தமது 97-ஆவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற கடமை சமாஜத்தாருக்கு மட்டும் உரியதன்று; மெய்யன்பர் அனைவருக்கும் உரியது.

‘ஆலயத்தின் கடமை வழிபாடு, சமூகப் பணி சங்கங்களுக்குரியது’ என்பார் உளர். அர்ச்சகர் ஊதியம், திருப்பணி, கும்பாபிஷேகம் என ஆலயத்துக்கும் செலவுகள் மிகுதிதான். ஆனால் மக்களாகிய கோயிலுக்கு இடுவது ஆண்டவனையும் சென்றடையும் என்று திருமூலர் திருமந்திரத்தில் கூறியிருக்கிறார். ஆண்டவன் கோயிலுக்கு இடுவது மக்களைச் சென்றடையாது என்பதையும் அவரே சேர்த்துக் கூறியிருக்கிறார். இதைவிடத் தெளிவான வழிகாட்டல் சைவ நெறியில் வேறெது?

எனவே ஆலய நிர்வாகத்தினர் விழாக் கணக்கில் ஒரு சிறு பகுதியை ஆதரவற்றோர் இல்லங்களுக்கென்று ஒதுக்கி, அதனை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றுதல் நலம். விழா நாளில் மூட்டை மூட்டையாக அரிசி குவிவதைவிட, மாதந்தோறும் தவறாது வரும் சிறு தொகையே ஓர் இல்லத்தின் அடுப்பை அணையாமல் காக்கும். பொருள் இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இளைஞரும் கொடையாளரே.

காவடி தோளிலிருந்து இறங்கிய பின்னும் கடமை தோளில் இருக்கட்டும். கந்தவேள் திருவருள் அத்தொண்டுக்குத் துணை நிற்கும்.