பராமரிப்பவர் மனு: உரிமையா? பிச்சையா?

பாகூர் ஏரிப் பாசனத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படுத்த படுக்கையான மகனுக்குச் சோறூட்டி, மலஜலம் எடுத்து, புரட்டிப் படுக்க வைப்பதே அவருக்கு இராப்பகல் வேலை. கூலிக்குப் போக வழியில்லை. உதவிப் பணத்துக்கு மனுக் கொடுப்பதென்றால் வருமானச் சான்றுக்கு ஒரு நாள், ஊனச் சான்றுக்குப் புதுச்சேரிக்கு ஒரு நாள், "ஒரு கடுதாசி குறைகிறது" என்றால் மறுபடி ஒரு நாள் அலைய வேண்டும். அன்றைக்கெல்லாம் மகனை யார் பார்ப்பது? வீட்டை விட்டு நகர முடியாதவரையே நடையாய் நடக்கச் சொல்லும் இம்முறை எந்தப் பகுத்தறிவில் சேர்ந்தது என்று கேட்கிறோம்.

ஊரார் "முன்ஜென்ம வினை" என்கிறார்கள். ஆபீசில் "பைல் மேலே போயிருக்கிறது" என்கிறார்கள். இரண்டும் கேட்பவர் வாயை அடைக்கும் மந்திரமே தவிர வேறல்ல.

நிற்க. 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளமின்றி உழைக்கும் பெற்றோரும் பராமரிப்பவரே என்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோர்க்குப் பராமரிப்புப் படியைப் பற்றி அதன் 24வது பிரிவு பேசுகிறது. ஆனால் "சர்க்காரின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்ற வாலும் அதற்கு உண்டு. மனுவுக்கு இத்தனை நாளில் பதில் என்ற கெடுவோ அந்தப் பிரிவில் இல்லை. 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்திலோ 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் உத்தியோகஸ்தருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம். காகித நகலுக்குக் கெடு உண்டு, மனிதனின் கஞ்சிக்குக் கெடு இல்லை!

இந்தப் பாகூரிலேயே 9ம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், வேதம் படிக்கும் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாயின. ஓதினவர்களிடம் யாரும் வருமானச் சான்று கேட்டதாகச் செப்பேடு சொல்லவில்லை.

அப்பீலால் என்ன பயன் என்பீர்களானால், பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 1976ல் பராமரிப்பவர்க்குப் படி வந்தபோது கல்யாணமான பெண்களுக்கு மட்டும் இல்லை என்றார்கள். பெண் எப்படியும் வீட்டில்தானே கிடப்பாள் என்பது எண்ணம்! தன் தாயைப் பராமரித்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண் விடாமல் வழக்காடி, 1986ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். அதன்பின் கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் கதவு திறந்தது.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. முதலாவது, மனு வாங்கிய அன்றே தேதியிட்ட ரசீது. இரண்டாவது, குறையும் கடுதாசிகளை எல்லாம் ஒரே தடவையில் எழுதிக் கொடுப்பது. மூன்றாவது, படுக்கையில் கிடப்பவரை வீட்டுக்கே வந்து பரிசோதிப்பது. நான்காவது, 30 நாளில் முடிவு. மறுத்தால் எழுத்து மூலம் காரணம். ஐந்தாவது, மறுத்தவரல்லாத வேறொருவர் விசாரிக்கும் அப்பீல். கெடுவும் காரணமும் அப்பீலும் இல்லாமல் கொடுப்பது, எவ்வளவு கொடுத்தாலும் பிச்சையே.

தோழர்களே, அதிக ஆதரவு வேண்டுவோர் சார்பில் வேறு யாரும் விண்ணப்பிக்கலாம் என்று அதே சட்டத்தின் 38வது பிரிவு சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமையில் அப்படிப்பட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதுங்கள். நகல் எடுத்து வையுங்கள். ரசீது வாங்காமல் ஆபீசை விட்டு நகராதீர்கள்.