பார்த்தால் மட்டும் வந்துவிடுமா?

“இது என்ன பெரிய வேலை பாட்டி, நாலு தடவை பார்த்தா வந்துடும்.” கடந்த விடுமுறையில் நான் சொன்ன வார்த்தை இது. அன்று இரவு என் கையில் மிஞ்சியது ஒரு பக்கம் குறுகி, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்த நூல் துண்டு. அது சதுரமாக வந்திருக்க வேண்டும்.

குரோஷே எனக்குப் புதிதன்று. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலேயே பாட்டி கொக்கி ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார். சங்கிலி போடவும் மேசை விரிப்புக்குக் கரை பின்னவும் தெரியும். இந்த முறை துனிசியன் குரோஷே என்ற வேறொரு பாணியைக் கற்க ஆசைப்பட்டு, எட்டுப் பாடங்கள் கொண்ட ஒரு காணொளி வகுப்பில் 35 ரிங்கிட் கட்டிச் சேர்ந்தேன்.

வழக்கமான குரோஷேயில் ஊசி குட்டையாக இருக்கும். ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். துனிசியன் முறையில் ஊசி நீளமானது. கண்ணிகள் நழுவாமல் இருக்க மறுமுனையில் ஒரு குமிழ் உண்டு. போகும்போது எல்லாக் கண்ணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஊசியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது முதலில் ஒன்றை மட்டும் இழுத்து, பிறகு இரண்டிரண்டாக இழுத்து விடுவிக்க வேண்டும். ஒரு போக்கும் ஒரு வரத்தும் சேர்ந்தால்தான் ஒரு வரிசை. துணியைத் திருப்பிப் பிடிக்கும் வேலையே இல்லை. கிடைக்கும் துணி தடிப்பாக, நெய்தது போலவே இருக்கும்.

இவ்வளவையும் முதல் மூன்று பாடங்களிலேயே தெரிந்துகொண்டேன். படுக்கையில் சாய்ந்தபடி, 1.5 மடங்கு வேகத்தில் பார்த்து முடித்திருந்தேன். ஊசியைத் தொடவே இல்லை. ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது.

பின்ன உட்கார்ந்ததும் கதை மாறியது. 20 கண்ணிகளோடு தொடங்கிய துண்டு மேலே போகப் போகக் குறுகியது. அதே காணொளியை மீண்டும் மூன்று முறை பார்த்தேன். ஆசிரியை செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன்.

பாட்டி துனிசியன் குரோஷேயைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அந்தத் துண்டை வாங்கி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “ஒவ்வொரு வரிசையிலயும் கடைசில ஒன்ன விட்டுட்டு வர்ற. எண்ணிப் பாரும்மா” என்றார். எண்ணினேன். எட்டு வரிசை பின்னியிருந்தேன். ஊசியில் 12 கண்ணிகள்தான் இருந்தன.

காணொளியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். கடைசிக் கண்ணி ஓரத்தோடு ஒட்டியிருக்கும், அதை விட்டுவிடாதீர்கள் என்று ஆசிரியை சொல்லியே இருந்தார். நான் ஓட்டிய வேகத்தில் அந்த அரை வாக்கியம் காதில் விழவில்லை. அந்த நொடியில் அவருடைய விரல்கள் ஓரத்தை மறைத்தும் இருந்தன. துணி சுருள்வது மட்டும் என் தவறன்று. அது இந்தப் பின்னலின் இயல்பு. சற்றுப் பெரிய ஊசி எடுத்து, பின்னி முடித்ததும் நனைத்து, ஊசி குத்திக் காயவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எட்டு வரிசையையும் பிரித்தேன். பிரிக்கும்போதுதான் இது குரோஷேயோடு நிற்கும் விஷயமன்று என்பது உறைத்தது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் மூன்றாம் படிவத்தில் இருந்தேன். என் வயதினர் திரை வழியாகவே பாடம் கேட்டுப் பழகியவர்கள். இன்று பல்கலைக்கழகத்திலும் பதிவுசெய்யப்பட்ட விரிவுரைகளை வேகமாக ஓட்டிப் பார்ப்பது எங்களுக்கு இயல்பாகிவிட்டது. கடந்த தவணையில் புள்ளியியல் விரிவுரைகள் அனைத்தையும் நான் அப்படித்தான் பார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை. இடைத்தேர்வில் 40-க்கு 13 வாங்கினேன். இறுதித் தேர்விலும் தவறினால் அதே பாடத்தை இன்னொரு தவணை எடுக்க வேண்டும் என்ற நிலை. விரிவுரையாளர் சரியாக நடத்தவில்லை என்று நண்பர்களிடம் குறைபட்டுக்கொண்டேன். உண்மையில் நான் ஒரு கணக்கைக்கூட என் கையால் முடிவுவரை போட்டுப் பார்க்கவில்லை.

இந்த மயக்கத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டஸும் எட் ஓபிரையனும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தட்டுகள் விழாமல் மேசைத் துணியை உருவும் வித்தை, மூன்வாக் நடனம், டார்ட்ஸ் எறிதல் போன்றவற்றைச் சிலருக்குக் காணொளியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதிகம் பார்த்தவர்களுக்குத் ‘என்னாலும் முடியும்’ என்ற நம்பிக்கை கூடியது. திறமை அதற்கேற்பக் கூடவில்லை. பந்தாட்ட வித்தைபோல் கட்டைகளை வீசிப் பிடிக்கும் காணொளியைப் பார்த்தவர்களிடம் அந்தக் கட்டைகளைச் சிறிது நேரம் பிடித்துப் பார்க்கக் கொடுத்தபோது, அந்த மிதப்பு இறங்கியது.

இதனால் காணொளி வகுப்புகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் இந்தப் பாணி என் வீட்டுக்கே வந்திருக்காது. சிறு பட்டணத்தில் இருக்கும் ஒரு மாணவருக்கு உலகின் எந்த மூலையில் உள்ள ஆசிரியரும் கிடைக்கிறார். பத்தாவது முறை கேட்டாலும் அவர் சலித்துக்கொள்வதில்லை. ஆனால், அவரால் நம் கையைப் பார்க்க முடியாது. நம் தவறு அவருக்குத் தெரியாது. அந்தக் குறையை நாம்தான் ஈடுசெய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பாடத்தில் ‘டபுள் குரோஷே’ என்று வந்ததும் பாட்டி ஒன்றைப் பின்னினார், ஆசிரியை வேறொன்றைப் பின்னினார். தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். பாட்டி கற்றது பிரிட்டிஷ் முறை. பெயரை மட்டும் கேட்டிருந்தால் வாக்குவாதம்தான் மிஞ்சியிருக்கும். இருவரும் பின்னியதால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது.

இணையத்தில் எதைக் கற்கும் மாணவருக்கும் என் அனுபவத்திலிருந்து மூன்று யோசனைகள். வேகத்தைக் கூட்டாதீர்கள், கடினமான இடத்தில் குறைத்து ஓட்டுங்கள். ஒரு படி பார்த்ததும் நிறுத்தி, அதைச் செய்து முடித்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். செய்ததை யாரிடமாவது காட்டுங்கள். அவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பாட்டிக்குத் துனிசியன் குரோஷே தெரியாது. ஆனால், ஓரம் நேராக இல்லை என்று சொல்லத் தெரிந்தது.

இந்தத் தவணையில் புள்ளியியல் கணக்குகளை ஒரு தோழியோடு உட்கார்ந்து போடுகிறேன். ஒரு விரிவுரைக்கு முன்பைவிட இரு மடங்கு நேரம் ஆகிறது. எங்கே தவறுகிறேன் என்பதாவது இப்போது தெரிகிறது. எட்டுப் பாடங்களில் ஐந்தைத்தான் முடித்திருக்கிறேன். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஊசியில் உள்ள கண்ணிகளை எண்ணிவிட்டுத்தான் திரும்புகிறேன். நேற்று இரவு எண்ணியபோது 20 இருந்தன.