நல்லாருக்கு என்பதும் தீண்டாமைதான்

ஓவியக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் வரைந்து முடித்த படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டுவார்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று சக மாணவர்கள் விமர்சிக்க வேண்டும். கோடு எங்கே தளர்ந்திருக்கு, கண் எங்கே இடறுது, எதை எடுத்துவிடலாம் என்று பிய்த்துப் போடுவார்கள். படிப்பில் பாதி இந்தச் சுவருக்கு முன்னால்தான் நடக்கிறது. நமது கேள்வி: அந்தச் சுவருக்குச் சாதி தெரியுமா, தெரியாதா?

நன்றாகவே தெரியும். கும்பகோணத்துக் கோபுரத்தை நீர்வண்ணத்தில் வரைந்தவனோடு அரைமணி நேரம் வாதாடுகிறார்கள். நிழல் விழுந்த பக்கம் சரியா, தூரம் தெரிகிறதா என்று அலசுகிறார்கள். பக்கத்துப் படத்தில் நம்ம பிள்ளை நடவு முடிந்து கரையேறும் தன் அப்பாயியை வரைந்திருக்கிறான். விலா எலும்பு எண்ணலாம். அங்கே வந்ததும், 'இவ்வளவு கோரம் எதுக்கு?', 'போஸ்டர் மாதிரி இருக்கே' என்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் முகத்தைப் பார்க்காமல், 'நல்லாருக்குப்பா' என்று நகர்ந்துவிடுகிறார்கள். தொடாமல் கடந்துபோவதற்கு நம் ஊரில் பெயர் இருக்கிறது.

எலும்பு தெரிந்தால் கலை இல்லை என்ற வாதம் காரைக்காலில் செல்லாது. பேயுருக் கொண்ட அம்மையாருக்கு ஆனி மாதம் மாங்கனி இறைத்து விழா எடுக்கிற ஊர் இது. சதை வற்றி, மார்பு சரிந்து, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மையாரின் சோழர்காலச் செப்புச் சிலை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கோரம் என்று எவர் சொன்னார்? வணிகர் வீட்டுப் புனிதவதி வேண்டிப் பெற்ற மெலிவு பக்தி. வேண்டாமலே கூலிக்காரியின் உடம்பில் ஏறிய மெலிவு மட்டும் அருவருப்பா? 1943 வங்கப் பஞ்சத்தில் சித்தபிரசாத் வரைந்த எலும்புக்கூட்டு மனிதர்களை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. இன்று அவை இந்திய ஓவிய வரலாறு. வங்கத்துப் பசி வரலாறு, நம்ம தெருப் பசி போஸ்டர்!

'உங்க ஆளுங்களுக்கு விமர்சனம் தாங்காது' என்று ஒரு பேச்சு. 2012ஐ உதாரணம் காட்டுகிறார்கள். சங்கர் 1949இல் வரைந்த கேலிப்படம்: அரசியல் சட்டம் என்ற நத்தைமேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. பள்ளிப் பாடநூலில் இருந்த அந்தப் படத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. சாட்டை யார் கையில், முதுகு யாருடையது என்று கேட்டோம். இது படத்தைப் படிப்பது இல்லையா? 2019இல் கேலிப்பட ஓவியர் உன்னமதி சியாம சுந்தர் அம்பேத்கரைப் பற்றிய பழைய கேலிப்படங்களைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, உள்ளே இருக்கும் சாதியைக் காட்டினார். விமர்சனம் தாங்காதவன் செய்கிற வேலையா இது?

நம்ம பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கூட்டங்களில் மாட்டப்படும் மாணவர் படங்களுக்குக் கைதட்டல் மட்டுமே விழுகிறது. உடையும் சங்கிலி, ஓங்கிய முட்டி, நீல வானம், போதும். 'நம்ம பையன் வரைஞ்சது' என்ற பாசத்தில், அந்தக் கால் தரையில் நிற்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. பாசமும் அவனை வளரவிடாது தோழர்களே.

சலுகை வேண்டாம், இரக்கம் வேண்டவே வேண்டாம். கோபுரத்துக்குக் கொடுத்த அரைமணி நேரத்தை அப்பாயிக்கும் கொடு. விலா எலும்பு தப்பாக விழுந்திருந்தால் தப்பென்று முகத்துக்கு நேரே சொல். அதோடு, அந்த எலும்பு ஏன் வெளியே தெரிகிறது என்றும் கேள். இரண்டையும் கேட்கிறவன்தான் சக மாணவன்.