நகலுக்கு அசல் விலையா?

பழைய பொருள்களின் மீது ஜனங்களுக்கு மோகம் பிறக்கும்போதெல்லாம் அதன் பின்னாலேயே போலிச் சரக்கும் வந்து சேருவது உலக வழக்கம். பழைய நாணயங்களிலும் விக்கிரகங்களிலும் ஓவியங்களிலும் கண்ட அதே நாடகம் இப்பொழுது வீடியோ விளையாட்டுகளில் நடந்து வருகிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1980-களிலும் 1990-களிலும் வெளிவந்த விளையாட்டுகளை, அந்தக் காலத்துக் கேட்ரிட்ஜுகளாகவே தேடி வாங்குவோர் இன்று பல தேசங்களில் இருக்கின்றனர். அவர்களுடைய ஆசையையே மூலதனமாகக் கொண்டு, சொற்பச் செலவில் செய்த நகல்களைக் கொள்ளை விலைக்குக் கைமாற்றும் வியாபாரம் ஒன்று வலுத்து வருகிறது. இது சிறுபிள்ளை விளையாட்டுச் சமாசாரம் என்று தள்ளத்தக்கதன்று. நகலுக்கு நியாய விலை எது, பிறருடைய உழைப்பை விற்க எவருக்கு உரிமை உண்டு என்னும் கேள்விகள் இதில் அடங்கியிருக்கின்றன.

விஷயம் அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்னும் விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டது. 1985-ல் அது வேறு உருவத்துடன் அமெரிக்காவுக்குச் சென்றது. 1990-ல் சூப்பர் ஃபேமிகாம் வந்தது. இந்த யந்திரங்களில் ஒவ்வொரு விளையாட்டும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் சிறு பலகையில், அதில் பதித்த சில்லில் அடங்கியிருக்கிறது. அவற்றின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உள்ளவை உடைகின்றன, தொலைகின்றன, புதிதாக ஒன்றும் சேருவதில்லை. ஆகையால் அக்காலத்திலேயே குறைவாக விற்றவை இன்று மிக அருமையாகிவிட்டன. டைட்டோ கம்பெனியின் ‘லிட்டில் சாம்சன்’ 1992-ல் வெளிவந்தபோது அதைக் கவனித்தவர் சிலரே. இன்று அதன் அமெரிக்கப் பதிப்பின் அசல் பிரதிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். 2021 ஜூலையில் உறை பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ பிரதியொன்று அமெரிக்காவில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய செய்திகள் பரவவே, பரணில் கிடந்த கேட்ரிட்ஜெல்லாம் புதையலாகத் தோன்றலாயிற்று. புதையல் கிடைக்காத இடத்தில் அதைச் செய்து விற்போரும் கிளம்பினர்.

நகல் செய்யும் முறை இருவகைப்படும். புதிய கூடும் பலகையும் சில்லும் மலிவாகச் செய்து, விளையாட்டின் கோப்பை அதில் ஏற்றி, அசலைப் போல் அச்சிட்ட சீட்டை மேலே ஒட்டிவிடுவது ஒருவகை. மலிவாகக் கிடைக்கும் வேறோர் அசல் கேட்ரிட்ஜைப் பிரித்து, அதன் சில்லைச் சூடுகாட்டிப் பெயர்த்தெறிந்து, அந்த இடத்தில் விலை மிகுந்த விளையாட்டை ஏற்றிய சில்லைப் பற்றவைப்பது மற்றொரு வகை. இதில் ஒரு நகல் பிறக்க ஓர் அசல் அழிகிறது. முதல் வகையும் குற்றமற்றதன்று. 5 வோல்ட்டில் ஓடும் பழைய யந்திரத்தில் 3.3 வோல்ட்டுக்கென்று செய்த சில்லை, இடையில் தக்க ஏற்பாடு எதுவுமின்றி இணைத்துவிடுவோர் உண்டு. அது சில்லுக்கும் கெடுதல், யந்திரத்துக்கும் கெடுதல். இன்று சேமித்து வைத்த ஆட்டம் மறுநாள் மறைந்துபோகும் நகல்களும் சந்தையில் இருக்கின்றன.

இந்த நகல்களை விற்போரில் மூன்று தரத்தார் உளர். நகலை அசலென்று சொல்லி விற்பவர் முதல் தரத்தார். இது மோசடி, இதைப் பற்றி வாதம் வேண்டுவதில்லை. நகலை நகலென்றே பெரிய எழுத்தில் சொல்லி, செலவும் கூலியும் சேர்ந்த விலைக்கு விற்பவர் இரண்டாம் தரத்தார். அவர்களுக்கும் பதிப்புரிமைச் சட்டத்திற்கும் உள்ள வழக்கு வேறு. வாங்குபவரை அவர்கள் ஏமாற்றவில்லை. இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் மூன்றாம் தரத்தாரைப் பற்றியே இங்கு நாம் முக்கியமாகப் பேசுகிறோம். அவர்கள் தாமாக ஒன்றும் செய்வதில்லை. 10 டாலருக்கு மொத்தமாக வாங்கியதை 60 டாலருக்குக் கைமாற்றுகிறார்கள். ‘நகல்’ என்ற சொல்லை விளம்பரத்தின் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள். அல்லது ‘புத்தம் புதிய நிலை’, ‘சேகரிப்பாளர் பதிப்பு’ என்று வழுக்கலாகப் பேசுகிறார்கள். பொய் சொல்லவில்லை என்று சாதிக்க இடம் வைத்துக்கொண்டு பொய்யின் பலனை அனுபவிக்கும் கூட்டம் இது.

இவர்கள் கூறும் முதல் சமாதானம், ‘வாங்குபவர் மனமுவந்து வாங்குகிறார், நாங்கள் விற்கிறோம்’ என்பது. சம்மதம் என்பது விஷயம் தெரிந்து கொடுக்கும் சம்மதமாக இருத்தல் வேண்டும். தவிர, அந்த அறுபது டாலர் எதற்கு விலை? சில்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உரியது அதில் சிறு பகுதியே. எஞ்சியது அசல் அருகிப்போனதற்குரிய விலை. அசலை வைத்திருப்பவர் அதை முப்பது ஆண்டுகள் காப்பாற்றியிருக்கிறார். அந்த அருமைக்கு அவர் விலை கேட்டால் அது ஒருவாறு நியாயம். நாளைக்கே ஆயிரக்கணக்கில் செய்யக்கூடிய நகலில் அருமை எங்கிருந்து வந்தது? இல்லாத அருமையை இருப்பதாகக் காட்டி விலை பெறுவது, அளவை குறைத்து நிறுப்பதற்கு ஒப்பான காரியமேயாகும்.

‘அசலை மறுவிற்பனை செய்தால் குற்றமில்லை, இதை விற்றால் மட்டும் குற்றமா?’ என்றும் கேட்கின்றனர். சட்டம் இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. உரிமையாளர் ஒரு பிரதியை முறைப்படி விற்றுவிட்டால், அந்தப் பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம். அமெரிக்கச் சட்டத்தில் இது நிலைபெற்ற கொள்கை. ஆனால் நகலை உரிமையாளர் ஒருபோதும் விற்கவில்லை. முதல் விற்பனையே முறையாக நடவாத பொருளுக்கு மறுவிற்பனை உரிமை எவ்வாறு வரும்?

மற்றொரு சமாதானம் இதைவிட வலுவுள்ளது. அதை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. ‘கம்பெனிகள் இவற்றை விற்பதில்லை, நாங்கள் செய்யாவிட்டால் ஜனங்கள் இவற்றைக் காண்பதெப்படி?’ என்கிறார்கள். இதில் வாஸ்தவம் உண்டு. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்பொழுது எந்தக் கடையிலும் முறைப்படி கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆராய்ந்து வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் இரு பழைய யந்திரங்களுக்குரிய இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. ஆராய்ச்சியாளர்கள் நூலகங்களில் உள்ள பழைய விளையாட்டுகளைத் தொலைவிலிருந்து பார்க்க அனுமதிக்கும்படி செய்த வேண்டுகோளை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. கம்பெனிகளின் படைப்புக்கு அந்நாட்டில் 95 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 2081-ல்தான் பொதுச் சொத்தாகும். விற்கவும் மாட்டோம், பிறர் காக்கவும் விடோம் என்று கம்பெனிகள் நிற்பது நியாயமன்று. பசித்தவனுக்குக் கதவை அடைத்துவிட்டுக் கள்ளச் சந்தையைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

ஆயினும் பஞ்சம் ஒருவனால் வந்தது என்பது, அந்தப் பஞ்சத்தில் அரிசியை ஆறு மடங்கு விலைக்கு விற்பவனை உத்தமனாக்கிவிடாது. பழைய விளையாட்டு அழியாமல் ஜனங்களிடம் சேர வேண்டும் என்பதே இவர்கள் நோக்கமானால், நகலின் விலை செலவை ஒட்டியல்லவா இருக்க வேண்டும்? அசலின் விலை ஏறும்போதெல்லாம் நகலின் விலையையும் ஏற்றுவானேன்? ஏலத்தை எட்டிப் பார்த்து விலையெழுதுகிறவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. கைவேலை செய்பவருக்குக் கூலி வேண்டும் என்பதை நாம் முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மூன்றாம் தரத்தார் கையில் பற்றவைக்கும் கருவியைப் பிடித்தவர்களல்லர்.

இதில் இன்னும் வருந்தத்தக்க ஒரு பகுதி உண்டு. ‘மதர் 3’ என்னும் விளையாட்டு 2006-ல் ஜப்பானில் வெளிவந்தது. நிண்டெண்டோ அதை ஆங்கிலத்தில் வெளியிடவேயில்லை. கிளைட் மாண்டலின் என்னும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரும் அவருடன் சேர்ந்த ரசிகர்களும் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு அதை முழுவதும் மொழிபெயர்த்து, 2008 அக்டோபரில் யாவருக்கும் இலவசமாக அளித்தனர். கம்பெனி விரும்பினால் தம் மொழிபெயர்ப்பைக் கூலியின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று மாண்டலின் 2013-ல் முன்வந்தார். அந்த மொழிபெயர்ப்பைத்தான் கேட்ரிட்ஜில் ஏற்றி இன்று பணமாக்குகிறார்கள். இவ்வகை ரசிகர்கள் தம் படைப்புடன் ‘இதை விற்காதீர்’ என்று எழுதிவைப்பது வழக்கம். அந்த வேண்டுகோளுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஊராருக்காக ஒருவர் வைத்த தண்ணீர்ப் பந்தலில் குடம் குடமாக மொண்டு சென்று அடுத்த தெருவில் விற்பதை நாம் என்னவென்று சொல்வது? இலவசமாகக் கொடுத்தவர் இதைக் கண்டு மனம் கசந்து அடுத்த வேலையைக் கைவிட்டால், நஷ்டம் ரசிகர் அனைவருக்குமே.

நம் நாட்டுக்கும் இதில் சிறிது சம்பந்தமுண்டு. 1990-களில் நம் நகரங்களில் சிறுவர்கள் டி.வி.யுடன் இணைத்து ஆடிய யந்திரங்களில் பல, ஃபேமிகாமின் நகல்கள். அவற்றில் செருகிய ‘கேசட்’டுகளும் பெரும்பாலும் நகல்களே. அப்படியிருக்க இன்று நாம் தர்மம் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாகப் பேசலாம். அந்தக் கேசட்டுகளால் உரிமையாளருக்கு இழைத்த தீங்கை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவற்றை அருங்காட்சிப் பொருளென்று எவரும் விற்கவில்லை. எவரும் அப்படி எண்ணி வாங்கவுமில்லை. மலிவான சரக்கு மலிவாகவே விலை போயிற்று. இன்றைய வியாபாரத்தில் உரிமையாளருக்கு இழைக்கும் தீங்கோடு, வாங்குபவருக்கு இழைக்கும் தீங்கும் சேர்ந்துவிட்டது.

பரிகாரம் என்ன? சரக்கு தாராளமாக வந்தால் பதுக்கல்காரன் பலம் ஒடுங்கும் என்பதற்கு அண்மை அனுபவமே சாட்சி. 30 விளையாட்டுகளை அடக்கிய சிறு யந்திரமொன்றை நிண்டெண்டோ 2016 நவம்பரில் அமெரிக்காவில் 60 டாலருக்கு வெளியிட்டது. அது போதிய அளவு கிடைக்கவில்லை. பதுக்கியவர்கள் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 2018-ல் கம்பெனி மறுபடி அதை வெளியிட்டதும் அந்த ஆட்டம் அடங்கிற்று. முறையான மறுபதிப்புக்கும் வழி இல்லாமலில்லை. காப்காம் கம்பெனியின் அனுமதியுடன் 2017-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேட்ரிட்ஜ் 5,500 பிரதிகள் 100 டாலர் விலையில் வெளிவந்தது. விலை அதிகமே, ஆயினும் அது மறுபதிப்பென்பதும், எத்தனை பிரதிகள் என்பதும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. அந்த வெளிப்படைத்தன்மையையே நாம் மற்றவர்களிடமும் கேட்கிறோம்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. நகல் செய்பவர் கூட்டின் மேலும் பலகையின் மேலும் அழிக்க முடியாதபடி நகலென்று பொறிக்க வேண்டும். இன்று அவரிடம் நேர்மையாக வாங்கியவரிடமிருந்து நாளை மூன்றாவது கைக்குப் போகும்போது அந்தப் பொறிப்பு ஒன்றே சாட்சியாக நிற்கும். இணையச் சந்தைகளை நடத்துவோர் நகலென்ற விவரத்தைத் தலைப்பிலேயே இடாத விற்பனையை அனுமதிக்கலாகாது. உரிமையாளர்கள் பழைய விளையாட்டுகளை மலிவாக விற்க வேண்டும். விற்க மனமில்லாவிட்டால் நூலகங்களுக்காவது வழிவிட வேண்டும்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. கூட்டைத் திறந்து பலகையின் படத்தைக் காட்டும்படி கேட்பதில் வெட்கமில்லை. கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜானால், இணைப்பு முனைகளுக்கு மேலே பலகையில் நிண்டெண்டோவின் பெயர் தெரிகிறதா, முன்சீட்டில் அழுத்திய இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். படம் காட்ட மறுக்கும் கடையை விட்டு நடையைக் கட்டுவதே நலம். நகல்தான் வேண்டுமென்றால் நகலுக்குரிய விலையைக் கொடுக்கட்டும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் அடுத்தவர் ஏமாறுவதற்கு இட்ட மூலதனம் என்பதை மறவாதிருக்கட்டும்.

வியாபாரத்திற்கு நாணயமே முதல். கைக்குக் கை மாறும் பொருளில் எது அசல், எது நகல் என்று எவருக்கும் தெரியாத நிலை வருமானால், அன்று அசலை வைத்திருப்பவருக்கும் மதிப்பில்லை, நகலை விற்பவருக்கும் பிழைப்பில்லை. அந்த நாள் வருமுன் விற்பவர்கள் தாமாகவே திருந்துவது அவர்களுக்கே லாபம்.